மலிவு ப்ரீபெய்ட் சிம்முக்கு மாறலாமா? ஒரே சேவைக்கு ஏன் இத்தனை முரண்பட்ட அனுபவங்கள்?

நீங்கள் கேட்டது இதுதான்: போஸ்ட்பெய்ட் பில் கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. உங்கள் எண்ணையும் அம்மாவின் எண்ணையும் மலிவான ப்ரீபெய்ட் சேவை ஒன்றுக்கு மாற்றப் பார்க்கிறீர்கள். ஆனால் அந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்கள் எழுதியதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் "முன்பே மாறியிருக்கலாம், இத்தனை வருஷம் காசு வீண்" என்கிறார். அடுத்தவர் "சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்" என்கிறார். அதே நிறுவனம், அதே பிளான். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். நான் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருப்பவன். சொந்தக்காரர்களோ நண்பர்களோ புது சிம் வாங்கினால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் நான் பார்த்தவரை, ஒரு மலிவு சேவை எப்படி இருக்கும் என்பதை நிறுவனத்தின் பெயர் பாதிதான் தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கம் யாருடைய டவர் இருக்கிறது, எந்த நேரத்தில் போனை அதிகம் எடுக்கிறீர்கள், கையில் இருப்பது எந்த மாடல், அந்த எண்ணை நம்பி என்னென்ன கணக்குகள் இருக்கின்றன, மீதியை இவைதான் தீர்மானிக்கின்றன. அனுபவம் எழுதுகிறவர்கள் இந்த விவரங்களைப் பெரும்பாலும் சொல்வதில்லை. "சிக்னல் சூப்பர்" என்று எழுதியவர் டவருக்கு எதிர் வீட்டில் குடியிருக்கலாம்.

இந்தச் சேவைகள் எப்படிக் குறைந்த விலைக்குத் தர முடிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பல மலிவு நிறுவனங்களுக்குச் சொந்தமாக ஒரு டவர்கூடக் கிடையாது. பெரிய நெட்வொர்க்கிடம் பேச்சு நிமிடங்களையும் டேட்டாவையும் மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரில் சிம் போட்டு விற்கிறார்கள். எம்விஎன்ஓ என்று சொல்வது இவர்களைத்தான். பிரிட்டனில் 1999-ல் வர்ஜின் மொபைல், ஒன்-டூ-ஒன் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஏறிக்கொண்டு இப்படித் தொடங்கியது. அது வெற்றி பெற்ற பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது. பெரிய நிறுவனமே வேறு பெயரில் நடத்தும் மலிவு பிராண்டுகளும் உண்டு. சொந்த டவர்களை வைத்துக்கொண்டு சிக்கனமாக ஓட்டும் சிறிய நிறுவனங்களும் உண்டு. கடை நடத்தும் செலவு, விளம்பரம், தவணையில் போன் கொடுப்பது, பில் வசூல், வாராக்கடன் என்று பெரிய நிறுவனம் சுமக்கும் பல செலவுகள் இவர்களுக்குக் குறைவு. முன்பணம் வாங்கிவிடுவதால் வசூல் பிரச்சினையே இல்லை.

அதனால் எந்தப் பெயரைப் பார்த்தாலும் "இது யாருடைய டவரில் ஓடுகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. இது காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். அமெரிக்காவில் ட்ராக்ஃபோன் நிறுவனம் ஒரு காலத்தில் பல நெட்வொர்க்குகளில் ஓடியது. 2021-ல் அதை வெரைசன் வாங்கியது, பிறகு வாடிக்கையாளர்களைத் தன் நெட்வொர்க்குக்கு நகர்த்தியது. மின்ட் மொபைலை 2024-ல் டி-மொபைல் வாங்கியது, ஆனால் அது முன்பிருந்தே டி-மொபைல் டவரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே பழைய விமர்சனம் ஒன்றைப் படிக்கும்போது, அதில் திட்டுவது இப்போது இருக்கும் டவரைத்தானா என்று பாருங்கள். தேதி பார்க்காமல் படித்தால் அதில் பயன் இல்லை.

சரி, டவர் ஒன்றுதான் என்றால் வேகமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருக்காது. பலர் ஏமாந்ததாக நினைப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

4ஜி நெட்வொர்க்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் க்யூசிஐ என்று ஒரு வகுப்பு எண் உண்டு. 1 என்பது வோல்ட்இ அழைப்பில், அதாவது 4ஜி வழியாகவே பேசும் அழைப்பில் போகும் குரலுக்கானது. சாதாரண இணையப் பயன்பாட்டுக்கு 6, 8, 9 ஆகிய எண்கள் வரும். முன்னுரிமையில் 9 கடைசி. டவரை வைத்திருக்கும் நிறுவனம் தன் சொந்த போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளரை 8-லும், மொத்த விலைக்கு வாங்கியவரின் வாடிக்கையாளரை 9-லும் வைக்கலாம். 5ஜியிலும் 5க்யூஐ என்ற பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது. டவரில் கூட்டம் இல்லாதபோது இந்த எண்களால் எந்த வித்தியாசமும் தெரியாது, இருவருக்கும் ஒரே வேகம்தான். கூட்டம் சேரும்போதுதான் வகுப்பு வேலை செய்யத் தொடங்கும். நெரிசலான சாலையில் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி வழி விடுவதுபோல, 9-ல் இருப்பவரின் டேட்டா ஒதுங்கி நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு ஒரு ரயில் நிலைய நடைமேடையில் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும், இரண்டும் ஒரே டவரில்தான் இருக்கும். போஸ்ட்பெய்ட் போனில் வரைபடம் திறந்து வழி காட்டிவிடும். மலிவு சிம் போட்ட போனில் சாம்பல் நிறக் கட்டங்களுக்கு நடுவே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடுகள் சொல்வது டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும்தான். அதே அலையை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள், அதில் உங்கள் வரிசை எது என்பதெல்லாம் கோட்டில் தெரியாது. அதே சிம்மை இரவு பதினோரு மணிக்கு வீட்டில் சோதித்தால் வேகம் பறக்கும். "பயங்கர ஸ்பீடு" என்று எழுதியவரும் "ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை" என்று எழுதியவரும் ஒரே சிம்மைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள், நேரமும் இடமும்தான் வேறு.

குரலுக்குத் தனி வகுப்பு என்பதால், "நெட் சுமார்தான், ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது" என்று எழுதுகிறவர்களையும் நம்பலாம். அதிகம் பேசுபவர், வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபையில் இருப்பவர் என்றால் இந்த முன்னுரிமை விஷயம் அவரைத் தொடவே தொடாது. மாறி நிம்மதியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான்.

அடுத்து, டேட்டா தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பது. "அன்லிமிடெட்" என்று போட்ட பிளான்களில் பெரும்பாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகம் விழும். எவ்வளவுக்கு விழும் என்பதைத்தான் தேடிப் படிக்க வேண்டும். 128 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தால், 3 எம்பி உள்ள ஒரு சாதாரண இணையப் பக்கம் திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்திகள் போகும். பணம் செலுத்தும் ஆப் பாதியில் "நேரம் முடிந்தது" என்று நின்றுவிடும். 64 என்றால் டேட்டா இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 512 அல்லது அதற்கு மேல் என்றால் வீடியோ இல்லாமல் சமாளிக்கலாம். இதைச் சின்ன எழுத்தில் போடுவதும் போடாமல் விடுவதும் வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயம் அல்ல. அமெரிக்காவில் அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததாக ட்ராக்ஃபோன் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி வழக்குத் தொடுத்தது. 2015-ல் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்காக 4 கோடி டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

வீடியோவுக்கு மட்டும் தனியாகக் கடிவாளம் போடும் பிளான்களும் உண்டு. டேட்டா மீதமிருந்தாலும் வீடியோவை 1.5 எம்பிபிஎஸ் அளவில் நிறுத்தி 480பி தரத்தில்தான் ஓட விடுவார்கள். சின்னத் திரையில் பெரிய குறையாகத் தெரியாது. உங்கள் பிளானில் இது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஃபாஸ்ட் டாட் காம் என்ற வேகச் சோதனைப் பக்கம் நெட்ஃபிளிக்ஸுடையது, அவர்களின் வீடியோ சர்வரிலிருந்தே அளக்கும். அதில் ஒரு முறையும் வேறொரு சோதனை ஆப்பில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். வழக்கமான சோதனையில் 40 காட்டி, இதில் 1.5 காட்டினால் வீடியோவை மட்டும் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட் தனியாகத் தடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு இது ஒன்றே பிளானை நிராகரிக்கப் போதுமான காரணம்.

போன் மாடல் விஷயம். "சிம் போட்டேன், நெட் வருகிறது, கால் மட்டும் போகவில்லை" என்ற புகாரை அடிக்கடி கேட்டிருக்கிறேன். பல நாடுகளில் 3ஜியை மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் மூடி முடித்தன. 2ஜியும் இல்லாத இடங்களில் இனி பேச்சும் 4ஜி வழியாக, அதாவது வோல்ட்இ-யில்தான் போக வேண்டும். உங்கள் போனில் வோல்ட்இ வசதி இருந்தால் மட்டும் போதாது, அந்த மாடலை அந்த நெட்வொர்க் ஏற்றிருக்கவும் வேண்டும். வேறு நாட்டில் வாங்கிய போன்களில் இந்தச் சிக்கல் அதிகம். *#06# அழுத்தினால் உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். அதை அந்தச் சேவையின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்த்துவிட்டு சிம் வாங்குங்கள். அலைவரிசையும் முக்கியம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். போனில் அந்தப் பேண்ட் இல்லாவிட்டால் வாசலில் நன்றாக வரும் சிக்னல் படுக்கையறையில் காணாமல் போகும்.

கால் போகிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஏபிஎன், அதாவது போன் எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்புதான் காரணம். சொந்த டவர் இல்லாத சேவைகளில் சில போன்கள் இதைத் தானாக எடுத்துக்கொள்ளாது, கையால் தட்ட வேண்டும். கீபோர்டு தானாகத் திருத்திவிட்ட ஓர் எழுத்தோ கடைசியில் விழுந்த ஓர் இடைவெளியோ போதும், நாள் முழுக்க நெட் வராது. கஸ்டமர் கேரைத் திட்டி எழுதிய விமர்சனங்களில் கணிசமானவற்றுக்கு அடியில் இருப்பது இந்த ஒரு வரி அமைப்புதான். இதை வாடிக்கையாளர் குற்றமாக நான் சொல்லவில்லை. சிம் உறையிலேயே பெரிதாக அச்சிட வேண்டிய விஷயம் அது.

இதுவரை சொன்னதெல்லாம் வந்து போகும் தொந்தரவுகள். நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது எண்ணைப் பற்றி. விமர்சனங்களில் எல்லோரும் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள், ஆனால் என்னிடம் கலங்கிப்போய்க் கூப்பிட்டவர்கள் எல்லோரும் எண் போனவர்கள்.

ப்ரீபெய்டில் எண் உங்களிடம் இருப்பது வேலிடிட்டி இருக்கும் வரைதான். ரீசார்ஜ் தவறினால் முதலில் வெளியே பேச முடியாது, பிறகு உள்வரும் அழைப்பும் நிற்கும், அதற்குப் பிறகு எண்ணே ரத்தாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நாள் அவகாசம் என்பது சேவைக்குச் சேவை மாறும். பணம் கட்டிச் சேரும் முன்பே இதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ ரீசார்ஜ் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் வங்கி அட்டை காலாவதியாகிப் புது அட்டை வந்திருக்கும், பழைய அட்டை எண் அப்படியே கிடக்கும். 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். விலையை ஒப்பிடும்போதும் இதைக் கணக்கில் எடுங்கள், தவறவிட 13 வாய்ப்பு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்தால் வருடப் பிளானாகப் போட்டுவிடுவது நல்லது. ஆனால் முதல் தடவையே வருடப் பிளான் போடாதீர்கள், முதலில் குறைந்த நாள் பிளானில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ரத்தான எண் சும்மா கிடக்காது, இன்னொருவருக்குப் போகும். அமெரிக்காவில் குறைந்தது 45 நாள் காத்திருந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் புது வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் யாரோ பழைய உரிமையாளரின் இணையக் கணக்குகளோடு இன்னும் இணைந்தே இருந்தன. யோசித்துப் பாருங்கள், உங்கள் மின்னஞ்சல் கணக்கைத் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் விழும். அதனால் மலிவு சிம்முக்கு மாறுகிறீர்களோ இல்லையோ, முக்கியமான கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல், போனுக்குள்ளேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வசதியையும் போட்டு வையுங்கள், இரண்டாவது தொடர்பு எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

ஓடிபி என்றதும் இன்னொன்று. வங்கிகள் குறுகிய எண்களிலிருந்து செய்தி அனுப்பும். சில சிறிய சேவைகளில் நண்பர் அனுப்பும் எஸ்எம்எஸ் உடனே வரும், வங்கியுடையது மட்டும் வராது. இதைப் பற்றிய புகார் ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலும் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன், வேகத்தைப் பற்றிய நூறு புகார்களைவிட. உங்கள் வங்கியின் செய்தி வருகிறதா என்று நீங்களே சோதிக்காமல் மாறாதீர்கள்.

கஸ்டமர் கேர் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் நேரில் போக அலுவலகம் இருக்காது. சாட்டில் பேச வேண்டும், கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை இது உறைக்காது. போன் தொலைந்த அன்று, அல்லது யாரோ உங்கள் பெயரில் வேறு சிம் எடுக்க முயன்ற அன்றுதான் உறைக்கும். சேருவதற்கு முன்பே ஒரு ஞாயிறு இரவில் அவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். "சிம் தொலைந்தால் அதே எண்ணில் புதுசு எப்படி வாங்குவது, எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் நல்ல அறிகுறி. கணக்குக்கு ரகசிய எண் (பின்) வைக்கும் வசதி, எண்ணைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அம்மாவின் எண்ணுக்கு மலிவு ப்ரீபெய்ட் ரொம்பப் பொருத்தம் என்றே சொல்வேன். நாளைக்கு இரண்டு மூன்று அழைப்பு, கொஞ்சம் வாட்ஸ்ஆப், அதுவும் வீட்டு வைஃபையில் என்றால் முன்னுரிமை, வேகம் எதுவும் அவருக்குப் பொருட்டல்ல. அவருக்குப் பார்க்க வேண்டியவை வேறு. அவர் வழக்கமாக உட்காரும் அறையில் சிக்னல் வருகிறதா? பட்டன் போன் என்றால் அதில் வோல்ட்இ உண்டா? வேலிடிட்டி நீளமாக இருக்கிறதா? ரீசார்ஜ் நினைவூட்டல் அவர் போனுக்கு மட்டும் வந்தால் அது விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடும், உங்கள் மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்யுங்கள். பேலன்ஸ் தீர்ந்துவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வார் என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலான நாடுகளில் 112 போன்ற அவசர எண்ணுக்குப் பேலன்ஸ் இல்லாமலே அழைக்கலாம், சொந்த நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் அருகிலிருக்கும் வேறு டவர் வழியாகவும் அந்த அழைப்பு போகும். ஆனால் அவசரத்தில் அவர் முதலில் அழைக்கப்போவது உங்களைத்தான், அதற்குப் பேலன்ஸ் வேண்டும்.

உங்கள் எண்ணைப் பற்றி: வேலை நேரம் முழுக்க மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர், டவர் குறைவான பகுதிகளில் அடிக்கடி பயணம் செய்பவர், மாதத்துக்கு ஒரு முறை வெளிநாடு போகிறவர் என்றால் வேண்டாம் என்பேன். பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்குத் தொலைதூரப் பகுதியில் கிடைக்கும் உள்நாட்டு ரோமிங், அதாவது வேறு நிறுவனத்தின் டவரைப் பயன்படுத்தும் வசதி, அதே டவரில் ஓடும் மலிவு சேவைக்குப் பல நேரம் கிடைப்பதில்லை. மற்றபடி தாராளமாக மாறலாம், ஆனால் எண்ணைக் கொண்டுபோகும் முன் சோதித்துவிட்டு.

இப்போதைய போன்கள் பலவற்றில் இரண்டு சிம் அல்லது இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) வசதி இருக்கிறது. இருக்கிற எண்ணைத் தொடாமல், புதுச் சேவையில் புது எண்ணோடு மிகக் குறைந்த பிளான் ஒன்றைப் போடுங்கள். சில சேவைகள் இ-சிம்மைச் சில நாள் இலவசமாகவே சோதிக்கத் தருகின்றன. டேட்டாவை அந்த சிம்முக்கு மாற்றிவிட்டு வழக்கம்போல இருங்கள். கூட்ட நேரத்தில் பேருந்திலும் ரயிலிலும் பாருங்கள், வீட்டின் கடைசி அறையில் பாருங்கள், லிஃப்ட் பக்கம் பாருங்கள், கார் நிறுத்தும் அடித்தளத்தில் பாருங்கள். ஏதாவது ஒரு கணக்கில் அந்த எண்ணைக் கூடுதல் எண்ணாகச் சேர்த்து ஓடிபி வருகிறதா என்று பாருங்கள். விமர்சனம் எத்தனை படித்தாலும் உங்கள் தெருவைப் பற்றி இது சொல்வதை அவை சொல்லாது.

திருப்தியாக இருந்தால் எண்ணைப் போர்ட் செய்யுங்கள், அதாவது அதே எண்ணைப் புதுச் சேவைக்குக் கொண்டுபோங்கள். பழைய இணைப்பை மட்டும் நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள். போர்ட் முடிந்ததும் அது தானாக முடிந்துவிடும், முந்திக்கொண்டு ரத்து செய்தால் கொண்டுபோக எண்ணே இருக்காது. போர்ட் கோரிக்கைக்கு முன் பழைய கணக்கில் இருக்கும் பெயர், கணக்கு எண், பின் எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து வித்தியாசத்துக்குக்கூடத் திருப்பி அனுப்புவார்கள். போஸ்ட்பெய்ட் என்றால் பாக்கி பில்லையும் போன் தவணையையும் முடித்துவிடுங்கள், தவணை முடியாத போன் அந்த நெட்வொர்க்குக்கே பூட்டப்பட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்காதீர்கள், நடுவில் சிக்கினால் திங்கள் வரை ஆள் கிடைக்காது. வாரத்தின் நடுவில் ஒரு காலைப்பொழுது நல்லது, அதுவும் வங்கி வேலை எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள். மாறும் சில மணி நேரம் அழைப்பு ஒரு சிம்முக்கும் எஸ்எம்எஸ் இன்னொரு சிம்முக்கும் வரலாம், பதற வேண்டாம். உங்கள் எண்ணை முதலில் மாற்றி ஒரு ரீசார்ஜ் சுற்று ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அம்மாவுடையதை மாற்றுங்கள்.